கீழ் வீட்டில் இப்போது யாரும் இல்லை

சாம்,

போனில் சொன்னால் நீ "சரிம்மா, சரிம்மா" என்று தலையாட்டிவிட்டு வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். உன் அப்பாவிடம் பேனா கேட்டதற்கு, "யாருக்கு லெட்டர், கலெக்டருக்கா?" என்றார். பென்ஷன் விஷயமாக யாரையோ வறுத்தெடுக்கப் போகிறேன் என்று நினைத்துக்கொண்டார். சனிக்கிழமை உன்னோடு அந்தக் கவுன்சிலிங் அறைக்கு வந்து பார்த்ததே எனக்குப் பெரிய அதிர்ச்சி. அது போதாதென்று இன்று காலையில் நம் வீட்டிலேயே இன்னொன்று. இரண்டையும் எழுதிவிடுகிறேன். நீ படித்துவிட்டு அப்படியே பிளெஸியிடம் கொடு. வருகிற ஞாயிறு ஆலயத்தில் சபை முன்னால் உங்கள் கல்யாண அறிவிப்பு ஓலையை வாசிக்கலாமா, வேண்டாமா என்று அந்தப் பெண் உன்னிடம் கேட்டுவிட்டுக் காத்திருக்கிறாள். அவளுக்குச் சொல்ல உன்னிடம் பதில் இல்லை என்றாய். பதில் என்னிடம் இருக்கிறது. இத்தனை வருஷம் என்னிடம்தான் இருந்திருக்கிறது, எனக்கே தெரியாமல்.

"மா, சனிக்கிழமை ஃப்ரீயா? என்கூட கவுன்சிலிங் வரணும்" என்று நீ கூப்பிட்டபோது எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. எனக்குத் தெரிந்த கவுன்சிலிங் இன்ஜினியரிங் சீட்டுக்குப் போவது. படித்து முடித்து, வேலைக்குப் போய், பெண்ணும் நிச்சயமாகிக் கீழ்க்கட்டளையில் வீடும் பார்த்துக் குடிபோன பிறகு உனக்கு மறுபடி என்ன சீட்டு என்று கேட்டேன். நீ சிரிக்கவில்லை. "மூச்சு முட்டுதும்மா" என்றாய். ஆபீஸ் வேலை அப்படி, கொஞ்ச நாள் லீவு போடு என்று நான் வைத்தியம் சொல்ல ஆரம்பித்தேன். "ஆபீஸ்ல இல்லம்மா. வீட்ல" என்றாய். எந்த வீட்டில் என்று கேட்டேன். "எந்த வீட்லயும்" என்றாய். போனை வைத்த பிறகு அடுப்பில் பால் பொங்கி வழிந்ததைக்கூடப் பார்க்காமல் நின்றேன். வேளாவேளைக்குச் சோறு போட்டு, ஒரு அடிகூட அடிக்காமல் வளர்த்த பிள்ளைக்கு வீட்டுக்குள் மூச்சு முட்டுகிறதென்றால் ஒரு தாய்க்கு எப்படி இருக்கும்? எனக்குக் கோபம்தான் வந்தது, சாம். உன் மேல் வந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

சேலையூரில் அந்தக் கவுன்சிலர் மேடம் வீட்டின் முன்னறையில் செருப்பைக் கழற்றிவிட்டு நுழைந்ததும் என் கண்ணில் முதலில் பட்டது அந்த டிராம்போலின்தான். கல்யாணத் தாம்பாளத்தை விடக் கொஞ்சம் பெரிய வட்டம், நடுவில் கறுப்பு விரிப்பு, சுற்றிலும் ஸ்பிரிங், பிடித்துக்கொள்ள முன்னால் ஒரு கம்பி. பிள்ளைகள் பொருட்காட்சியில் ஏறிக் குதிப்பார்களே, அதன் குட்டி. நீ வாட்சைக் கழற்றி வைத்துவிட்டு, பழகியவன்போல அதன் பக்கம் போனாய். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சராக இருந்து, பெண் பிள்ளைகளைக் குதிக்கவைத்தே சம்பளம் வாங்கிய என்னிடமா? கொல்லன் தெருவில் ஊசி விற்க வந்திருக்கிறாளே இந்தப் பெண் என்று நினைத்தேன். "இதுக்கா மேடம் என் பையன் இவ்வளவு தூரம் வர்றான்? எங்க ஸ்கூல் கிரவுண்டுல விட்டா நாள் முழுக்க குதிப்பானே" என்று கேட்டும்விட்டேன்.

அந்த மேடம் கோபித்துக்கொள்ளவில்லை. "இதுல குதிக்கவே வேணாம்மா. பாதம் விரிப்ப விட்டு மேல எழும்பக்கூட வேணாம். முட்டிய லேசா தளர்த்தி, மெதுவா மேலயும் கீழயும் அசைஞ்சா போதும். மனசுல பாரம் இருக்கறவங்களுக்கு உடம்பும் இறுகிக் கெடக்கும். இறுகின உடம்போட உட்கார வச்சு பேசு பேசுன்னா பேச்சு வராது. கொஞ்சம் தளரட்டும், அப்புறம் பேசிக்கலாம்" என்றாள். இதுவே மருந்து என்று தான் சொல்லவில்லை என்றும், பேச்சுதான் முக்கியம் என்றும் சொன்னாள். நியாயமாகத்தான் பேசினாள். எனக்கு அது பிடிக்கவில்லை. சண்டை போட வந்த இடத்தில் எதிராளி நியாயமாகப் பேசினால் யாருக்குத்தான் பிடிக்கும்?

நீ ஏறி நின்றாய். கம்பியைப் பிடித்துக்கொண்டு மெல்ல அசைய ஆரம்பித்தாய். பி.டி. டீச்சர் கண் முகத்தைப் பார்க்காது, காலைத்தான் பார்க்கும். உன் குதிகால் கீழே படவில்லை. விரல்களின் மேல்தான் நின்றுகொண்டிருந்தாய். விரிப்பு உன்னை ஏந்திக்கொள்ளத் தயாராகத்தான் இருந்தது, நீதான் அதற்கு உன் பாரத்தைக் கொடுக்கவில்லை. கெண்டைக்கால் சதை கட்டையாக இறுகிக் கிடந்தது, தோள் இரண்டும் காதுக்குப் பக்கத்தில். எனக்கு இடம் பொருள் எல்லாம் மறந்துபோய், "குதிகாலை இறக்குடா!" என்று மைதானத்தில் கத்துவதுபோலக் கத்திவிட்டேன். நீ முயற்சி செய்தாய். இறங்கவில்லை. "வரமாட்டேங்குதும்மா" என்றாய், சின்னப் பிள்ளை மாதிரி.

மேடம் என் பக்கம் திரும்பி, "நீங்க ஏறிக் காட்டுங்களேன்" என்றாள். முட்டி வலி உண்டா, தலை சுற்றுமா, பிரஷர் எப்படி என்றெல்லாம் விசாரித்துக்கொண்டாள். நான் புடவைக் கொசுவத்தைச் செருகிக்கொண்டு, பார்த்துக் கற்றுக்கொள் என்கிற தோரணையில் ஏறினேன். நீ என் காலைப் பார்த்தாய். உன் முகம் மாறியது. அப்புறம்தான் நான் குனிந்து பார்த்தேன். என் குதிகாலும் இறங்கவில்லை, சாம். ஆயிரம் பிள்ளைகளுக்குத் தரையில் காலை ஊன்றச் சொல்லிக்கொடுத்தவள் நான். என் கால் என் பேச்சைக் கேட்கவில்லை. இறங்கு, இறங்கு என்று மனசுக்குள் அதட்டுகிறேன், அது பாட்டுக்கு விரல் நுனியில் நின்று நடுங்குகிறது. மேடம் ரொம்பச் சாதாரணமாக, "கீழ யாராவது இருக்காங்களாம்மா?" என்று கேட்டாள். "ஹவுஸ் ஓனர்" என்று என் வாய் சொல்லிவிட்டது. நான் யோசித்துச் சொல்லவில்லை. சொன்ன பிறகுதான் என் காதிலேயே விழுந்தது. நாம் இருந்தது தரைத்தளம். கீழே மண்தான் இருந்தது.

பிளெஸிக்குப் புரியவேண்டும் என்பதற்காக இதைக் கொஞ்சம் விவரமாக எழுதுகிறேன். நீ பிறந்ததிலிருந்து பள்ளி முடிக்கும்வரை நாங்கள் பீர்க்கன்கரணையில் ஒரு மாடி போர்ஷனில் குடியிருந்தோம். கீழே ஹவுஸ் ஓனர். அவர் மனைவி படுத்த படுக்கை. மேலே டம்ளர் விழுந்தாலும் அந்தம்மாளுக்கு நெஞ்சு படபடக்கும் என்று குடிவந்த அன்றே சொன்னார். கெட்ட மனிதர் இல்லை, தண்ணீர் கஷ்டக் காலத்திலும் எங்களுக்குச் சேர்த்துத்தான் மோட்டார் போடுவார். ஆனால் மேலே சத்தம் கேட்டால் ஒட்டடைக்கோலை எடுத்துக் கீழிருந்து கூரையில் தட்டுவார். டொக் டொக் என்று எங்கள் பாதத்துக்குக் கீழே கேட்கும். உன் அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தால் கை அப்படியே நின்றுவிடும். வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டால், அந்த வாடகைக்கு, என் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில், தண்ணீர் வரும் வீட்டுக்கு எங்கே போவோம்? நாற்காலிக் கால்களுக்குப் பழைய சாக்ஸ் மாட்டினேன். மிக்ஸிக்கு அடியில் துண்டை மடித்து வைத்தேன். உன் பிறந்தநாளுக்கு வந்த பிள்ளைகளை எல்லாம் கிசுகிசுக் குரலில் பாடச் சொல்லி, ஒரே ஒரு விரலால் உள்ளங்கையில் கைதட்ட வைத்தேன். போட்டோவில் எல்லோரும் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறீர்கள். எடுத்துப் பார்த்தேன்.

எல்லாவற்றுக்கும் மேல் அந்தப் பூனை விளையாட்டு. ஞாபகம் இருக்கிறதா? மற்ற அம்மாக்கள் "குதிக்காதே" என்று முதுகில் ஒன்று போடுவார்கள். நான் படித்த பி.டி. டீச்சர் ஆயிற்றே, அடிப்பேனா? விளையாட்டாக மாற்றினேன். சுவரிலிருந்து சுவர் வரை சத்தமில்லாமல் நடந்தால் பிஸ்கட். குதிகால் பட்டால் அவுட். விசில் கிடையாது, கையால்தான் சைகை. நீதான் எப்போதும் ஜெயிப்பாய், ஏனென்றால் உன்னோடு விளையாட வேறு யாரும் இல்லை. நீ பின்னால் வந்து நிற்பது தெரியாமல் நான் திரும்பித் திடுக்கிட்டுப் போவேன். நீ வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாய். ஸ்டாஃப் ரூமில் இதைப் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். "எம்புள்ள வீட்ல இருக்கறதே தெரியாது" என்று. ஒரு தாய் பெருமைப்படுகிற விஷயமா அது? பகலெல்லாம் மைதானத்தில் "காலை ஓங்கித் தரையில் வை! சத்தம் கேட்கவேண்டும்!" என்று அணிவகுப்புக்குக் கத்துவேன். லாங் ஜம்ப்புக்குப் பயப்படும் பிள்ளையிடம், "மண் தாங்கும், நம்பிக் குதி" என்பேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்து செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு படியேறுவேன். ஊரான் பிள்ளைகளுக்கு உபதேசம், என் பிள்ளைக்குப் பிஸ்கட்.

அந்த விரிப்பின் மேல் இதெல்லாம் எனக்குச் சேர்ந்து வந்தது. நீதான் கிட்டே வந்து என் கையைப் பிடித்தாய். "கீழ யாரும் இல்லம்மா" என்றாய். அதன் பிறகுதான் என் குதிகால் இறங்கியது. விரிப்பு கொஞ்சம் தாழ்ந்து, மெல்ல என்னைத் தூக்கிக் கொடுத்தது. அவ்வளவுதான் நடந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அடுத்து நீ ஏறினாய். இம்முறை உன் கால் கொஞ்சம் கொஞ்சமாகப் படிந்தது, ஒரு குதிகால் முதலில், இன்னொன்று தயங்கித் தயங்கி. நீ விட்ட பெருமூச்சு அறை முழுக்கக் கேட்டது. நீ சத்தமாக மூச்சு விட்டு நான் கேட்டதே அன்றுதான். அப்புறம் நாற்காலியில் உட்கார்ந்து பிளெஸியைப் பற்றிச் சொன்னாய்.

அவள் தன் அம்மாவோடு உன் கீழ்க்கட்டளை வீட்டைப் பார்க்க வந்ததையும், சமையலறைப் பரணைப் பார்த்து என்னவோ சொல்லிச் சிரித்ததையும், நீ ஓடிப்போய் உதட்டில் விரலை வைத்து "ஷ்... மெதுவா" என்றதையும் சொன்னாய். அவள் அம்மா முன்னாலேயே. அந்தப் பெண்ணின் சிரிப்பு எனக்குத் தெரியும். நிச்சயதார்த்தத்தன்று பந்தியில் சிரித்தபோது பக்கத்தில் கூடுவாஞ்சேரி ஸ்டேஷனில் இறங்கியவர்கள்கூடத் திரும்பிப் பார்த்திருப்பார்கள். நல்ல சிரிப்பு. ஆனால் நீ விரலை வைத்தது அது முதல் தடவை இல்லையாம். "என் சிரிப்பு உங்களுக்கு அசிங்கமா இருக்கா? இருந்தா இப்பவே சொல்லிடுங்க. ஓலை வாசிச்சப்புறம் சபை முன்னாடி நான் நிக்க முடியாது" என்று கேட்டிருக்கிறாள். கேட்பாள்தானே? "காரணம் இப்பத்தான் தெரியுது. ஆனா இத அவகிட்ட எப்படிச் சொல்றது? சின்ன வயசுல ஒட்டடைக்கோலுக்கு பயந்தேன்னா லூசுன்னு நினைப்பா" என்று நீ மேடத்திடம் கேட்டாய். என்னிடம் கேட்கவில்லை.

நீ என்னை வீட்டில் இறக்கிவிட்டுப் போன பிறகு, நான் ஒரு மாதிரி சமாதானம் ஆகிக்கொண்டேன். அது அந்தக் காலம், குடித்தனக்காரர் பிழைப்பு, நம் தப்பு என்ன இருக்கிறது என்று. ஞாயிறு, திங்கள் இரண்டு நாளும் நன்றாகவே போயின. இன்று காலை ஹாலில் தனியாக உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். வீடு அமைதியாக இருந்தது. நாம் இந்த வீட்டைக் கட்டியதிலிருந்தே அமைதியாகத்தான் இருக்கிறது. மாடியில் வாடகைக்கு ரெஹானா, அவள் புருஷன், அந்தச் சின்னப் பெண் ஆயிஷா. குடிவந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. "மேல ஆள் இருக்கறதே தெரியாது, தங்கமான குடித்தனம்" என்று வருவோர் போவோரிடமெல்லாம் சொல்கிறேன். பாதிக் கத்திரிக்காயில் என் கை நின்றுவிட்டது. ஆள் இருப்பதே தெரியாது. இதை எங்கே கேட்டிருக்கிறேன்? என் வாயில்தான், ஸ்டாஃப் ரூமில். மேலே நாலு வயதுப் பெண் இருக்கிறாள், சாம். நாலு வயதுப் பிள்ளை ஒரு வருஷமாக என் தலைக்கு மேல் ஒரு தடவைகூட ஓடவில்லை.

கத்தியைப் போட்டுவிட்டு மாடிக்குப் போனேன். கதவைத் திறந்த ரெஹானாவுக்கு என்னைப் பார்த்ததும் முகம் வெளிறிவிட்டது. "இன்னா டீச்சர், சத்தம் வந்துச்சா? பாப்பா நடந்துகினுதான் இருந்துச்சு டீச்சர், சத்தியமா ஓடல" என்றாள். நான் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. உள்ளே பார்த்தேன். ஹால் முழுக்கப் பழைய மெத்தையையும் போர்வைகளையும் விரித்து வைத்திருந்தாள். ஆயிஷா அதன் ஓரத்தில் விரல் நுனியில் நடந்து வந்து, அம்மா குரலை உயர்த்தியதற்காக, உதட்டில் விரலை வைத்து, "ஷ்... கீழ டீச்சர் இருக்காங்க" என்றாள். என் முன்னாலேயே. படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

நான் அப்படி என்ன செய்தேன்? குடிவந்த அன்று ஒரு சீப்பு வாழைப்பழத்தைக் கொடுத்து, சிரித்துக்கொண்டே, "சின்னப் பிள்ளை இருக்கா? பாத்துக்கோம்மா, எங்களுக்குச் சத்தம் ஆகாது" என்றேன். அவ்வளவுதான். நம் வீட்டு மூலையிலும் ஒட்டடைக்கோல் இருக்கிறது. அதை எடுத்து நான் ஒருநாளும் தட்டியதில்லை. தட்ட வேண்டிய அவசியமே எனக்கு வரவில்லை, சாம். எனக்கு வந்த பயத்தை நான் அப்படியே கைமாற்றி விட்டிருக்கிறேன், அதுவும் வாழைப்பழத்தோடு. உனக்குப் பிஸ்கட், அவளுக்கு வாழைப்பழம்.

"ரெஹானா, நான் சொன்னது தப்பும்மா. புள்ள ஓடட்டும், குதிக்கட்டும்" என்றேன். அவள் நம்பவில்லை. "பரவால்ல டீச்சர், அவளுக்கு பழகிப்போச்சு" என்று சிரித்தாள். காலி செய்யச் சொல்வதற்கு இது ஏதோ சுற்றுவழி என்று நினைத்தாளோ என்னவோ. நான் மெத்தையை ஓரமாக ஒதுக்கிவிட்டு ஆயிஷாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். முட்டியை மடக்கு, குதிகாலைத் தரையில் வை, இப்போது மெல்ல அசை என்று சேலையூர் மேடம் சொன்னதை என் சொந்தச் சரக்குபோலச் சொல்லிக்கொடுத்தேன். குழந்தை அம்மாவைப் பார்த்தது, என்னைப் பார்த்தது. குதிக்கவில்லை. எனக்காகச் சும்மா ஒரு தடவை முட்டியை மடக்கியது. நான் இறங்கி வந்துவிட்டேன்.

வந்ததும்தான் பேனா கேட்டேன். பிளெஸி, இதற்கு மேல் உனக்கு. அவன் உன்னைப் பார்த்து வெட்கப்படவில்லை அம்மா. உன் சிரிப்பு சத்தமாக வரும்போதெல்லாம் அவன் காலுக்குக் கீழே யாரோ தட்டுகிறார்கள். அவனுக்குப் பயத்தைக் கற்றுக்கொடுத்தவள் நான்தான். திட்டுவதென்றால் என்னைத் திட்டு, வந்து நேரிலேயே திட்டு. சாம், நீ ஒன்று செய். உன் கீழ்க்கட்டளை வீட்டில் கீழே யார் இருக்கிறார்கள் என்று கேட்டேன், தெரியாது என்றாய். நாங்களும் பீர்க்கன்கரணையில் ஒருநாளாவது கீழே போய், "அம்மாவுக்கு எப்படி இருக்கு, எந்த நேரம் தூங்குவாங்க?" என்று கேட்டதில்லை. கேட்டிருந்தால் மற்ற நேரமெல்லாம் நீ ஓடியிருக்கலாம். நீ போய்க் கதவைத் தட்டி முகத்தைப் பார். தெரியாத ஆளுக்குத்தான் பயம் அதிகம். சேலையூருக்குப் போவதையும் நிறுத்தாதே. நானும் வருகிறேன். என் இடது குதிகால் இன்னும் சரியாகப் பேச்சுக் கேட்பதில்லை.

இங்கே எழுதிக்கொண்டிருக்கும்போதே மேலே தொம் என்று ஒரு சத்தம் கேட்டது. என் வாய் தானாக "ஷ்" என்றது. உன் அப்பா பேப்பரை இறக்கிவிட்டு, "என்னது அது?" என்றார். அதன் பிறகு மேலே ஒன்றும் இல்லை. எனக்கு அந்த அமைதியைத் தெரியும். மேலே தாயும் பிள்ளையும் மூச்சைப் பிடித்துக்கொண்டு, கீழிருந்து தட்டும் சத்தம் வருகிறதா என்று கேட்டுக்கொண்டு நிற்கிறார்கள். நான் எழுந்து ஹாலின் நடுவில் போய் நின்றேன். கொசுவத்தைச் செருகிக்கொண்டு, இந்த வயதில் என்ன வேலை இது என்று உன் அப்பா பதறப் பதற, இரண்டு குதிகாலும் தரையில் படக் குதித்தேன். ஷோகேஸில் டம்ளர்கள் கலகலத்தன. ஜன்னல் வழியாக, "ஆயிஷா, இன்னொண்ணு!" என்று மைதானக் குரலில் கத்தினேன். கொஞ்ச நேரம் கழித்து வந்தது. தொம். பிறகு, தொம் தொம் தொம் என்று சுவரிலிருந்து சுவர் வரை ஓட்டம்.

ஞாயிறு ஓலை வாசித்து முடிந்ததும் பிளெஸியை இங்கே சாப்பிடக் கூட்டிக்கொண்டு வா. சாப்பிடும்போது மேலே சத்தம் கேட்கும். பயப்படாதே, நான்தான் குதிக்கச் சொல்லியிருக்கிறேன்.

உன் அம்மா